பத்துப் பேர்ச்சஸ் காணிக்கு ஒரு வீட்டுப் படம்: திறந்த மூல மென்பொருட்களில் தொடங்குவோருக்கான வழிகாட்டி

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு படவரைஞரிடம் வேலை பழகச் சேரும் இளைஞர் முதல் வாரத்திலேயே கேட்பது, எந்த மென்பொருளை நிறுவ வேண்டும் என்பதைத்தான். பெரும்பாலும் அதற்கு விடையாக ஒரு பென் டிரைவ் கைக்கு வரும். அதற்குள் யாரோ பூட்டுடைத்த வணிக மென்பொருள் ஒன்று இருக்கும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒருநாள் காலை அந்தப் பிரதி திறக்க மறுத்தது. அதனோடு கூடவே வந்திருந்த வைரஸ் கோப்புகளையும் கெடுத்திருந்ததால், மூன்று குடும்பங்களுக்காகக் கீறி வைத்திருந்த வீட்டுப் படங்கள் அழிந்துபோயின. அளவு நாடாவைத் தூக்கிக்கொண்டு மூன்று வளவுகளுக்கும் மறுபடி போய், அந்த வீட்டார் முன்னால் நின்று மீண்டும் அளந்தேன். அன்றிலிருந்து சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும், எந்தக் கணினியிலும் நிறுவக்கூடிய, கோப்பின் அமைப்பு எவருக்கும் திறந்திருக்கும் கருவிகளிலேயே வேலை செய்கிறேன்.

இந்தக் கட்டுரை அந்தக் கருவிகளை ஒவ்வொன்றாகப் புகழ்வதற்காக எழுதப்படவில்லை. மட்டக்களப்புக் கல்லடியில் 10 பேர்ச்சஸ் காணி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் எல்லையை அளப்பது முதல் தாளில் அச்சிடுவது வரை ஒரு சிறிய வீட்டின் படத்தை எப்படி உருவாக்குவது என்பதைச் சொல்கிறேன். கருவிகளின் பெயர்கள் அவை தேவைப்படும் இடத்தில் வரும்.

எவற்றை நிறுவ வேண்டும்

தொடக்கத்துக்கு லிப்ரேகாட் ஒன்றே போதும். இருபரிமாணப் படம் மட்டும் கீறும் இந்த மென்பொருள், கியூகாட் என்ற மென்பொருளின் சமூகப் பதிப்பிலிருந்து பிரிந்து வளர்ந்தது. இதன் கோப்பு வகை டிஎக்ஸ்எஃப். 1982 இல் ஓட்டோகாட் என்ற வணிகப் படவரைவு மென்பொருளுடன் அறிமுகமான இந்த வகையை இன்றைக்கு ஏறத்தாழ எல்லாப் படவரைவு மென்பொருட்களும் வாசிக்கும் என்பதால், நீங்கள் கீறியதை வேறு மென்பொருள் பாவிக்கும் பொறியியலாளரிடமும் தயக்கமின்றிக் கொடுக்கலாம். பதிவிறக்கம் சிறியது. 4 கிகாபைட் நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியிலும் இது இடறாமல் ஓடும்.

இரண்டாவது ஃபிரீகாட். இது முப்பரிமாண மாதிரிக்கானது. 2002 இல் முதன்முதலாக வெளிவந்த இந்த மென்பொருள் 1.0 என்ற பதிப்பு எண்ணை அடைந்தது 2024 நவம்பரில்தான். கட்டடங்களுக்குரிய பகுதியை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவரான யோரிக் வான் ஹவ்ரே தாமே ஒரு கட்டடக்கலைஞர். சுவர், கதவு, தளம், கூரை என்று வீடு கட்டுபவர் நினைக்கும் ஒழுங்கிலேயே அந்தப் பகுதியின் கருவிகள் அமைந்திருப்பதற்கு அதுவே காரணம் என்று நான் எண்ணுகிறேன். பதிவிறக்கம் சில நூறு மெகாபைட் வரும். 8 கிகாபைட் நினைவகம் இருந்தால் வசதி. லிப்ரேகாட்டில் ஒரு வீட்டையாவது முழுமையாகக் கீறி முடித்த பின்னரே இதை நிறுவுமாறு சொல்வேன்.

இவற்றோடு தமிழ் எழுத்துக்காக இன்க்ஸ்கேப், நிலப்படத்துக்காகக் கியூஜிஐஎஸ், வீட்டாருக்குக் காட்டுவதற்காக ஸ்வீட் ஹோம் த்ரீடி ஆகியன பின்னர் துணைக்கு வரும். எல்லாவற்றையும் அவற்றின் சொந்த இணையத்தளத்திலிருந்தே இறக்குங்கள். வேறு இடத்திலிருந்து இறக்கினால் பூட்டுடைத்த மென்பொருளோடு வந்த அதே ஆபத்து இங்கும் வரும்.

முதலில் நாடா, பிறகு கணினி

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது கணினியில் அல்ல, காணியில்தான். காணி உறுதியோடு இணைந்துள்ள நில அளவைப் படத்தின் ஒளிநகலைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, அதை அப்படியே திரையில் வைத்து, அதன் மேல் கோடு போடத் தொடங்கிவிடுவார்கள். ஒளிநகல் எடுக்கும்போது தாள் ஒரு பக்கம் சுருங்கியோ விரிந்தோ இருக்கலாம். தொலைபேசிப் படம் ஓரங்களில் வளையும். பழைய படங்களில் அளவுகள் சங்கிலியிலும் லிங்கிலும் இருப்பதும் உண்டு. ஒரு சங்கிலி 66 அடி, அதில் நூறில் ஒரு பங்கு ஒரு லிங்க், அதாவது 7.92 அங்குலம். பரப்பு ஏக்கர், றூட், பேர்ச்சஸ் என்று எழுதப்பட்டிருக்கும்: 40 பேர்ச்சஸ் ஒரு றூட், 4 றூட் ஒரு ஏக்கர். ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி, ஏறத்தாழ 25.29 சதுர மீற்றர். இந்தக் கணக்கைக் குறிப்புப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது தேவைப்படும்.

நமது காணிக்கு வருவோம். வீதிப் பக்கம் 11 மீற்றர், இடது பக்க வேலி 23 மீற்றர், வலது பக்கம் 23 மீற்றர், பின்பக்கம் 11 மீற்றர். இந்த நான்கு எண்களை மட்டும் குறித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டால், காணி மூலை நேரான செவ்வகமாக இருக்கிறது என்று நீங்களாகவே நம்பிவிடுவீர்கள். நான்கு பக்க அளவுகள் ஒரு வடிவத்தை உறுதிப்படுத்தமாட்டா. நான்கு மூங்கில் தடிகளைக் கயிற்றால் கட்டினால் எப்படி இப்பக்கமும் அப்பக்கமும் சாயுமோ அப்படியே இந்த வடிவமும் சாயும். ஆகவே இரண்டு மூலைவிட்டங்களையும் கட்டாயம் அளக்க வேண்டும். மேசன்மார் அத்திவாரத்துக்குக் கயிறு கட்டும்போது 3, 4, 5 என்ற பக்கங்களுள்ள முக்கோணத்தால் மூலை செங்கோணமா என்று பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

வீதியோரத்தின் இடது மூலையை முதலாம் மூலை, வலது மூலையை இரண்டாம் மூலை, பின்பக்க வலது மூலையை மூன்றாம் மூலை, பின்பக்க இடது மூலையை நான்காம் மூலை என்று வைத்துக்கொள்வோம். முதலாம் மூலையிலிருந்து மூன்றாம் மூலைக்கு 25.80 மீற்றரும், இரண்டாம் மூலையிலிருந்து நான்காம் மூலைக்கு 25.19 மீற்றரும் வந்ததாகக் கொள்வோம். காணி நேராக இருந்திருந்தால் இரண்டும் 25.50 மீற்றர் அளவில் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாததால் காணி சாய்ந்திருக்கிறது. எவ்வளவு சாய்வு என்பதைக் கணினி சொல்லும்.

நாடாவை ஒருவர் தனியாகப் பிடிக்க வேண்டாம். தொய்வில்லாமல் இழுத்து, மட்டமாகப் பிடித்து, ஒவ்வொரு நீளத்தையும் இரு முறை வாசியுங்கள். கிணறு, மரங்கள், மின்கம்பம், அயல் வளவின் கிணறு, அயல் வீட்டின் மலசலகூடக் குழி ஆகியவற்றையும் இரண்டு மூலைகளிலிருந்தாவது அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மணற்பாங்கான கரையோர ஊர்களில் நிலத்தடி நீர் ஆழமில்லாத மட்டத்திலேயே இருக்கிறது. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே அறைகளைப் பற்றி யோசிக்க வேண்டும். குளியலறையை எங்கே வைப்பது என்பதைப் பெரும்பாலும் அந்தத் தூரமே தீர்மானித்துவிடும்.

லிப்ரேகாட்டில் எல்லை

லிப்ரேகாட்டைத் திறந்ததும் எதையும் கீறாமல், ஆப்ஷன்ஸ் என்ற பட்டியலுக்குள் இருக்கும் நடப்புப் படத்தின் அமைப்புகளுக்குச் சென்று, அளவின் அலகை மீற்றர் என்று மாற்றுங்கள். தாளின் அளவை ஏ3 என்று குறியுங்கள். இதைப் பிந்திச் செய்தால் அளவுக்கோடுகளின் எழுத்துகள் எறும்பளவுக்குச் சிறுத்தோ வீட்டளவுக்குப் பெருத்தோ வந்து உங்களைக் குழப்பும்.

அடுத்து லேயர்கள். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு வகையான பொருளை மட்டும் கீறுவதற்கு ஒப்பானது இது. எல்லை, சுவர், கதவு யன்னல், அளவு, எழுத்து, துணைக்கோடு என்று ஆறு லேயர்கள் போதும். சுவருக்குத் தடித்த கோடும் அளவுக்கு மெல்லிய கோடும் கொடுங்கள். துணைக்கோட்டு லேயரை அச்சில் வராதபடி அமைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே லேயரில் கீறிவிட்டுப் பின்னர் பிரிப்பது அரிசியிலிருந்து கல் பொறுக்குவதைவிட அலுப்பான வேலை.

இப்போது துணைக்கோட்டு லேயரைத் தெரிவுசெய்து, இரு புள்ளிகளுக்கு இடையே கோடு போடும் கருவியை எடுத்து, கட்டளைப் பெட்டியில் 0,0 என்று எழுதி என்டர் அழுத்துங்கள். பிறகு 11,0 என்று எழுதி மீண்டும் என்டர் அழுத்துங்கள். இதுவே வீதிப் பக்கம். சுட்டியால் மதிப்பிட்டுக் கோடு போடும் பழக்கத்தை முதல் நாளிலேயே விட்டுவிடுங்கள். எண்ணை எழுதிப் போட்ட கோடே அளவுள்ள கோடு. முன்னைய புள்ளியிலிருந்து இவ்வளவு தூரம் என்று சொல்ல வேண்டுமானால் எண்களுக்கு முன் @ குறியைச் சேர்க்க வேண்டும்: @3,0 என்றால் வலப்பக்கம் 3 மீற்றர், @3<90 என்றால் மேல்நோக்கி 3 மீற்றர்.

மையமும் ஆரமும் கொடுத்து வட்டம் போடும் கருவியை எடுங்கள். இரண்டாம் மூலையை மையமாக வைத்து 23 ஆரத்தில் ஒரு வட்டம், முதலாம் மூலையை மையமாக வைத்து 25.80 ஆரத்தில் இன்னொரு வட்டம். இரண்டும் வீதிக்கு எதிர்ப்புறத்தில் வெட்டும் புள்ளியே மூன்றாம் மூலை. அதே போல முதலாம் மூலையிலிருந்து 23, இரண்டாம் மூலையிலிருந்து 25.19 என்று வட்டங்கள் போட்டால் நான்காம் மூலை கிடைக்கும். வெட்டுப்புள்ளியைப் பிடிப்பதற்கு, சுட்டியைக் குறித்த புள்ளியில் ஒட்டவைக்கும் ஸ்னாப் பொத்தான்களின் வரிசையில் இன்டர்செக்‌ஷன் என்ற பொத்தானை அழுத்தி வையுங்கள். எங்கும் பிடிக்கும் ஃப்ரீ ஸ்னாப்பை அணைத்துவிடுங்கள். எல்லை லேயருக்கு மாறி நான்கு மூலைகளையும் இணைத்த பிறகு, இன்ஃபோ பட்டியலில் தூரம் பார்க்கும் கருவியால் பின்பக்கத்தை அளந்து பாருங்கள். அது நீங்கள் நாடாவால் அளந்த 11 மீற்றருக்கு ஒத்து வந்தால் அளவுகள் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன என்று பொருள். ஐந்து அளவுகளே வடிவத்தைத் தீர்மானிக்கப் போதும். ஆறாவது அளவு சாட்சிக்கு. வித்தியாசம் சில சென்ரிமீற்றரைத் தாண்டினால் கோட்டைத் திருத்தாமல் காணிக்குத் திரும்பிப் போங்கள்.

நமது காணியில் பின்பக்கம் ஏறத்தாழ 71 சென்ரிமீற்றர் வலப்புறம் தள்ளி நிற்பதை இப்போது காண்பீர்கள். இன்ஃபோ பட்டியலில் பரப்புப் பார்க்கும் கருவியால் நான்கு மூலைகளையும் தொட்டால் 252.88 சதுர மீற்றர் வரும். அதை 25.29 ஆல் வகுத்தால் 10 பேர்ச்சஸ். உறுதியிலுள்ள பரப்புக்கு ஒத்து வருகிறது என்பதால் மேற்கொண்டு போகலாம். ஒத்து வராவிட்டால், எல்லை பற்றிய தீர்ப்பு படவரைஞருடையது அல்ல. நில அளவையாளரை அழைக்கும்படி காணிக்காரரிடம் சொல்ல வேண்டும்.

வீட்டை வைப்பது

வெளி அளவு 7.5 மீற்றர் அகலமும் 10.5 மீற்றர் நீளமும் உள்ள வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்னால் விறாந்தை, நடுவே மண்டபம், இரண்டு அறைகள், பின்னால் குசினி. வீதி எல்லையிலிருந்து எவ்வளவு பின்தள்ள வேண்டும், பக்கங்களில் எவ்வளவு விட வேண்டும் என்பன வீதிக்கும் காணிக்கும் ஏற்ப மாறுவதால், மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ கேட்டு எழுதி வாங்குங்கள். இந்தப் பயிற்சிக்கு வீதியிலிருந்து 5 மீற்றர் என்று கொள்வோம்.

பழகிய காலத்தில் நான் கீறிய படம் ஒன்றில், வீட்டின் முன்மூலையில் இடது வேலிக்கு ஒரு மீற்றர் விட்டு வீட்டை வீதிக்கு நேராக நிறுத்தினேன். மூலைவிட்டம் அளக்காததால் வேலியும் நேரானது என்று நினைத்திருந்தேன். இங்கே நாம் பார்க்கும் காணியில் அதே தவறைச் செய்தால், முன்னால் ஒரு மீற்றராக இருக்கும் இடைவெளி பின்னால் 68 சென்ரிமீற்றராகச் சுருங்கிவிடும். பூச்சு வேலைக்குச் சாரம் கட்டவும் இடம் போதாது. ஆகவே எங்கே மிகவும் ஒடுங்குமோ அந்த இடத்திலிருந்தே தொடங்க வேண்டும். பின்மூலையில் ஒரு மீற்றரை உறுதிப்படுத்திக்கொண்டால், முன்மூலையில் இடப்பக்க இடைவெளி 1.32 மீற்றர் வரும். வலப்பக்கத்தில் முன்னால் 2.18, பின்னால் 2.50 மீற்றர் வரும். மோட்டார் சைக்கிள் தாராளமாக உள்ளே போகும்.

சுவர் லேயருக்கு மாறி வெளிக்கோட்டைப் போட்ட பின், பேரலல் என்ற கருவியில் 0.15 என்று தூரம் கொடுத்து உட்கோட்டை எடுங்கள். இது ஆறங்குலக் கல்லுக்கு உரிய தடிப்பு. சரியாகச் சொன்னால் 152.4 மில்லிமீற்றர். பூச்சு இதற்குள் அடங்காது. அளவுகள் பூசாத சுவருக்கு உரியவை என்று படத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதி வைப்பது, பின்னர் அலுமாரி செய்யும் தச்சருக்கும் மேசனுக்கும் இடையில் வரக்கூடிய பிணக்கைத் தவிர்க்கும். உட்சுவர்களையும் இதே முறையில் எடுத்து, சந்திப்புகளை ட்ரிம் கருவியால் வெட்டிச் சுத்தமாக்குங்கள். கதவையும் யன்னலையும் ஒருமுறை கவனமாகக் கீறி பிளாக் (ஒரே பொருளாகச் சேமித்த கோட்டுத் தொகுதி) ஆக்கி வைத்தால் வேண்டிய இடமெல்லாம் செருகலாம்.

அறைகளை ஒழுங்குபடுத்தும்போது திசையை மறக்க வேண்டாம். மட்டக்களப்பு ஏறத்தாழ 7.7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. எனவே ஏப்ரல் இரண்டாம் வாரம் தொடங்கிச் செப்டெம்பர் முதல் நாள்கள் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும்; ஏனைய மாதங்களில் தெற்கே நிற்கும். இரு பக்கத்துக்கும் தாழ்வாரம் தேவை என்பது இதனால் தெளிவாகும். வைகாசி, ஆனி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றின் வெக்கையையும், மாரியில் வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கும் மழையையும் நம்மவர்கள் தலைமுறைகளாக அறிந்திருக்கிறார்கள். வீட்டிலுள்ள முதியவரை அழைத்து வடக்குக் குறியைக் காட்டி, எந்த யன்னலால் மழைத் தண்ணீர் உள்ளே வரும் என்று கேட்டுப் பாருங்கள். எந்த மென்பொருளும் தராத விடை கிடைக்கும்.

வீட்டை மேலிருந்து கீழாக வெட்டினால் தெரிவதைக் காட்டும் வெட்டுமுகப் படத்தில் கவனிக்க வேண்டியது தளத்தின் உயரம். வீதியின் நடுமட்டத்தைப் பூச்சியமாக வைத்து, அதிலிருந்து முற்றம் எவ்வளவு, வீட்டுத் தளம் எவ்வளவு என்று மீற்றரில் எழுத வேண்டும். 2011 ஜனவரி வெள்ளம் எதுவரை நின்றது என்பது அயலவர்களுக்கு நினைவிருக்கும். பழைய சுவர்களில் அந்தக் கறை இன்னும் தெரியவும் கூடும். அதையும் அளந்து படத்தில் ஒரு புள்ளிக்கோடாகக் காட்டுங்கள்.

கரையோரக் காணிகளுக்கு ஒரு மேலதிகப் படி

1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையிலான நிலம் கரையோர வலயத்தினுள் அடங்கும். கடலோடு நிரந்தரமாகவோ காலத்துக்குக் காலமோ இணையும் ஆறு, வாவி போன்றவற்றின் முகத்துவாரப் பகுதிகளில் இந்த எல்லை 2 கிலோமீற்றர் வரை உள்நோக்கிச் செல்லும். கல்லடி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் ஊர். மருதமுனை, காரைதீவு, திருக்கோவில் ஆகிய ஊர்களிலும் பல வளவுகள் இந்த 300 மீற்றருக்குள் வரும். வலயத்துக்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதியும் தேவைப்படும் என்பதால், படம் கீறி முடிந்த பின்னர் இதை அறிந்து தவிப்பதைக் காட்டிலும் முதலே பார்த்துவிடுவது நல்லது.

கியூஜிஐஎஸ் இதற்கு உதவும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் நிலப்படத்திலிருந்து கரைக்கோட்டை எடுத்து, அதன் ஆள்கூற்று முறையை இலங்கையின் 1999 தேசியக் கட்ட முறைக்கு மாற்றுங்கள். பட்டியலில் அதன் எண் 5235. பிறகு பஃபர் கருவியால் 300 மீற்றர் பட்டையை வரையுங்கள். அகலக்கோடு நெடுங்கோட்டுப் பாகைகளிலேயே விட்டுவிட்டால் 300 என்பது மீற்றராக அன்றிப் பாகையாகக் கொள்ளப்பட்டுவிடும். புதியவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். இப்படிக் கிடைக்கும் பட்டை ஒரு மதிப்பீடு மட்டுமே. எல்லையைத் தீர்மானிப்பது திணைக்களம்.

ஃபிரீகாட்டில் எழுப்புதல்

லிப்ரேகாட் படத்தின் ஒரு பிரதியை எடுத்து, பேரலல் கருவியில் சுவரின் பாதித் தடிப்பான 0.075 ஐக் கொடுத்து அதில் சுவர்களின் மையக்கோடுகளை எடுத்து, அவற்றை மட்டும் விட்டு மற்றவற்றை அழித்து, வேறு பெயரில் சேமியுங்கள். ஃபிரீகாட்டில் கட்டடக் கருவிகள் உள்ள பிஐஎம் என்ற பணிமேடையைத் தெரிவுசெய்து அந்தக் கோப்பை உள்ளே எடுங்கள். வந்தவுடன் ஒரு கோட்டின் நீளத்தைப் பாருங்கள். ஃபிரீகாட்டின் உள்ளலகு மில்லிமீற்றர் என்பதால், 7.35 மீற்றர் கோடு 7.35 மில்லிமீற்றராக வந்திருக்கலாம். அப்படியானால் டிஎக்ஸ்எஃப் இறக்குமதிக்கான விருப்பத்தேர்வுகளில் பெருக்கத்தை 1000 என்று வைத்து மறுபடி எடுக்க வேண்டும்.

ஒரு கோட்டைத் தெரிவுசெய்து சுவர் பொத்தானை அழுத்தினால் சுவர் எழும். ஃபிரீகாட் தானாகக் கொடுக்கும் தடிப்பு 200 மில்லிமீற்றர், உயரம் 3000 மில்லிமீற்றர்; தடிப்பை 150 ஆக மாற்றுங்கள். மையக்கோட்டிலிருந்து எழுப்புவதால் சீரமைப்பை மையம் என்று வைக்க வேண்டும். அளவுப் பெட்டிகளில் அடியும் அங்குலமும் எழுதினாலும் ஃபிரீகாட் புரிந்துகொள்ளும், 3' 6" என்று எழுதினால் தானே மாற்றிக்கொள்ளும். சபைக்கு மீற்றரிலும் மேசனுக்கு அடியிலும் பேச வேண்டிய நமக்கு இது பெரிய ஆறுதல். கதவையும் யன்னலையும் சுவரின் மீது வைத்தால் சுவர் தானாகத் துளைபடும்; பின்னர் யன்னலை நகர்த்தினால் துளையும் கூடவே நகரும். கூரைக் கருவி ஒவ்வொரு ஓரத்துக்கும் சாய்வுக் கோணத்தையும் தாழ்வாரத்தின் நீட்சியையும் தனித்தனியே கேட்கும் என்பதால், மழை அடிக்கும் பக்கத்துக்குத் தாழ்வாரத்தைக் கூட்டிக் கொடுக்கலாம்.

முப்பரிமாண மாதிரியின் பயன் அழகான படம் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது கணக்கு. நமது வீட்டின் வெளிச்சுவர்களின் மையக்கோட்டு நீளம் 35.4 மீற்றர், 3 மீற்றர் உயரத்துக்கு 106.2 சதுர மீற்றர் சுவர், அதாவது ஏறத்தாழ 1143 சதுர அடி. மேசன்மார் 100 சதுர அடியை ஒரு சதுரம் என்று கணக்கிடும் வழக்கப்படி, கதவு யன்னல்களைக் கழிக்காமல் 11.4 சதுரம். ஃபிரீகாட்டின் அட்டவணைக் கருவி இந்த எண்களை மாதிரியிலிருந்தே எடுத்துத் தரும். அறை ஒன்றை நீட்டினால் எண்ணும் மாறும். சீமெந்து விலையைக் கேட்டுக் கேட்டு வீடு கட்டும் குடும்பம் ஒன்றுக்கு, கட்டத் தொடங்குமுன் இந்த எண் கையில் இருப்பது பெரிய விடயம்.

இந்த மாதிரியை ஐஎஃப்சி என்ற வகையிலும் சேமித்து வையுங்கள். கட்டட மாதிரிகளை மென்பொருட்களுக்கிடையே பரிமாறுவதற்கான இந்த வகை ஐஎஸ்ஓ 16739 என்ற எண்ணில் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் இயங்கும் போன்சாய் என்ற நீட்சி இந்த வகைக் கோப்பிலேயே நேரடியாக வேலை செய்கிறது. 2024 வரை அதன் பெயர் பிளெண்டர்பிம். ஆற்றல் மிக்கது, ஆனால் முதலாண்டில் அதைத் தொட வேண்டிய தேவை உங்களுக்கு இராது.

வீட்டாருக்குக் காட்ட மட்டும் என்றால் ஸ்வீட் ஹோம் த்ரீடி போதும். அதிலுள்ள திசைகாட்டியில் அகலக்கோடு 7.7, நெடுங்கோடு 81.7 என்று கொடுத்து, வடக்கைத் திருப்பி வைத்து, பின்னேரம் 4 மணிக்கு ஒரு படம் எடுத்துப் பாருங்கள்; மேற்குப் பக்க அறைக்குள் வெயில் எவ்வளவு தூரம் நுழைகிறது என்று தெரியும். பொதுவாக அந்தப் படத்தைக் கண்ட பிறகுதான் மேற்கு யன்னலின் அளவைப் பற்றி வீட்டார் மனந்திறந்து பேசத் தொடங்குவார்கள்.

தமிழில் பெயரிடுதல்

லிப்ரேகாட் தனக்கென்று உள்ள கோட்டெழுத்துகளைப் பாவிப்பதால் தமிழ் அதில் ஒழுங்காக வராது. கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். இதனால் பலர் அறைப் பெயர்களை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்காரரும் மேசனும் தமிழில் வாசிப்பவர்களாக இருக்கையில், அவர்களுக்குரிய படம் தமிழில் இருப்பதே முறை என்று நான் உறுதியாக நம்புகிறேன். படத்தை லிப்ரேகாட்டிலிருந்து பிடிஎஃப் ஆக வெளியே எடுத்து, இன்க்ஸ்கேப்பில் திறந்து, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவில் பெயர்களை இடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டினால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எல்லாம் குப்பையாகத் தெரியும். இன்க்ஸ்கேப்பில் படத்தை இழுத்துப் பெருப்பிக்கவோ சிறுப்பிக்கவோ கூடாது. எழுத்தை மட்டும் சேர்த்து அதே தாளளவில் சேமிக்க வேண்டும்.

தாளின் வலது ஓரத்தில் உரிமையாளரின் பெயர், உறுதியிலும் நில அளவைப் படத்திலும் உள்ள இலக்கங்கள், அளவுத்திட்டம், திகதி, வடக்குக் குறி ஆகியவற்றோடு, சபை கேட்கும் தகுதியுடையவர் கையொப்பமிடுவதற்கான இடத்தையும் ஒதுக்குங்கள். மென்பொருள் இலவசமாகக் கிடைத்தாலும் கட்டடத்தின் பொறுப்பை ஏற்கும் கையொப்பத்துக்கு அது மாற்றீடாகாது. தூண், வளை (பீம்), அத்திவாரம் ஆகியன பொறியியலாளர் பார்க்க வேண்டியவை.

அச்சு

ஏ3 தாள் 420 க்கு 297 மில்லிமீற்றர். 1:100 அளவுத்திட்டத்தில் அது 42 க்கு 29.7 மீற்றர் நிலத்தைக் கொள்ளும். முழுக் காணியும் அதில் அடங்கும். 1:50 இல் 21 க்கு 14.85 மீற்றர் கொள்ளும். வீட்டின் தளப்படத்துக்கு அது பொருந்தும். லிப்ரேகாட்டின் அச்சு முன்னோட்டத்தில் இந்த அளவுத்திட்டத்தைத் தெரிவுசெய்து பிடிஎஃப் எடுங்கள்.

அச்சுக் கடையில் கவனம் தேவை. தாளுக்குப் பொருத்து என்ற தெரிவே பல கடைகளில் இயல்பாக இருக்கும்; அது ஓரம் விடுவதற்காகப் படத்தைச் சற்றுச் சுருக்கிவிடும். உண்மை அளவில் அச்சிடும்படி சொல்லுங்கள். முதற்பிரதி வந்தவுடன் பைக்குள் இருக்கும் அடிமட்டத்தை எடுத்து வீதிப் பக்க எல்லையை அளந்து பாருங்கள். 1:100 படத்தில் 11 மீற்றர் சரியாக 11 சென்ரிமீற்றர் வர வேண்டும். 10.6 வந்தால் அந்தத் தாளைக் கடையிலேயே விட்டுவிட்டு மறுபடி அச்சிடச் சொல்லுங்கள். படத்தின் அடியில் 5 மீற்றரைக் காட்டும் அளவுக்கோடு ஒன்றையும் கீறி வையுங்கள். பின்னர் யாராவது அதை ஒளிநகல் எடுத்துச் சுருக்கினாலும் அந்தக் கோடும் கூடவே சுருங்கும், மேசன் அதை வைத்துச் சரியான அளவை எடுத்துக்கொள்வார். வீட்டாருக்குத் தாளைக் கொடுக்கும்போது டிஎக்ஸ்எஃப், ஐஎஃப்சி, பிடிஎஃப் மூன்றையும் ஒரு பென் டிரைவில் இட்டுக் கொடுங்கள். மேல்மாடி கட்டும் காலத்தில் அவர்கள் வேறொருவரிடம் போனாலும், அவர் மீண்டும் நாடாவோடு தொடங்க வேண்டியிராது.